ஒரு சாண் ஷட்டர்

"முதுகு!" என்றார் அப்பா. "அந்தச் சுடர் நம்ம தெருவுக்குள்ள நுழையும்போது நாம காட்டப்போறது முதுகு!"

அவர் ஏறி நின்றது எங்கள் கடை ஸ்டூல் மேல். அதற்கு ஒரு கால் குட்டை. கையை ஓங்கியதில் அப்பா ஒரு பக்கமாகச் சாய, எதிர்க்கடை டைலர் அண்ணன் ஓடிவந்து ஸ்டூலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் அப்பாவின் காலில் விழுந்த மாதிரி இருந்தது. எல்லோரும் கை தட்டிவிட்டார்கள்.

சரியாக அந்த நேரத்தில்தான் நானும் அம்மாவும் தெருமுனையில் வந்து நின்றோம். அம்மாவின் கையில் ஒரு கேக் பெட்டி. வாயில் ஒரு சேதி. கேக் தப்பித்தது. சேதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

சேதி இதுதான். பெரிய விளையாட்டுப் போட்டி ஒன்று நடக்கப்போகிறது. அதற்கான சுடரை ஊர் ஊராக, ஆள் மாற்றி ஆள் ஓடியே கொண்டுபோகிறார்கள். எங்கள் தெருவுக்குள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடப்போவது என் அம்மா. ஆஸ்பத்திரியில் அவள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். அன்று மத்தியானம்தான் முடிவாகி இருக்கிறது.

அப்பாவுக்கு இது தெரியாது. அவர் ஸ்டூல் மேல் இருந்தார்.

"ஷட்டர்தாங்க ஒரு தெருவோட முதுகு! சுடர் வர்ற நேரம் ஒவ்வொரு கடை ஷட்டரும் டமார்னு ஒரே சத்தத்துல இறங்கணும். என் போர்டைப் பார்க்கப் பிடிக்காத சுடரை நானும் பார்க்க மாட்டேன். இது சத்தியம்! மீறினா, என்னை ஷட்டர் டாக்டர்னு எவனும் கூப்பிட வேண்டாம்!"

அப்பாவுக்குத் தொழில் ஷட்டர் ரிப்பேர். கடைகளின் இரும்பு ஷட்டர் ஏறவில்லை, இறங்கவில்லை, பாதியில் முனகுகிறது என்றால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். 'ஷட்டர் டாக்டர்' என்று அவரே ஒரு போர்டு எழுதி, கடைக்கு வெளியே தெருவுக்குள் நீட்டி மாட்டியிருந்தார். சுடர் ஓட்டத்துக்காகத் தெருவை அளக்க வந்தவர்கள், போர்டு வழியை மறிக்கிறது என்று கழற்றிக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவார். ஒரு நாள் அதற்கும் ஒரு தட்டு வைக்கச் சொல்வார் என்று பயந்துகொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் அப்பா இறங்கி வந்தார். கேக் பெட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"என் பேச்சுக்கா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் காலை மிதித்தாள். நான் வாயை மூடினேன்.

"ஆமாங்க," என்றாள். "உங்க பேச்சுக்குத்தான்."

"பேச்சு முடியறதுக்கு முன்னாடியே வாங்கிட்டியா?"

"நீங்க நல்லாத்தான் பேசுவீங்கன்னு தெரியுமே."

அப்பா கேக்கில் பாதியைச் சாப்பிட்டார். போர்டைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு ரகசியம் ஆகாது. வயிற்றில் நிற்காது. பள்ளிக்கூடத்தை விட்டதற்கே அதுதான் காரணம். கணக்கு டீச்சரிடம் "நீங்க நடத்துறது உங்களுக்காவது புரியுதா?" என்று கேட்டேன். கேட்டது உண்மையாகத் தெரிந்துகொள்ளத்தான். அதற்கப்புறம் எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரவில்லை. இப்போது தெருமுனை பேக்கரியில் கல்லாவுக்கு முன்னால் நிற்கிறேன். பன் பழசு என்றால் பழசு என்று சொல்லிவிடுவேன். முதலாளி என்னை இன்னும் வைத்திருப்பது அவருடைய பொறுமைக்கு அடையாளம்.

அன்று சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அம்மாவைக் கேட்டேன்.

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா என்ன ஆகும்?"

"தெரிஞ்சுக்குவார்."

"தெரிஞ்சுக்கிட்டு? ஊரைக் கூட்டிச் சத்தியம் பண்ணிட்டார். அதை மீறி வந்து பார்த்தா, தெருவே சேர்ந்து ஓட்டும். அந்த மனுஷன் ஆறு மாசம் வெளியே தலைகாட்ட மாட்டார். மீறாம உள்ளேயே நின்னுட்டார்னா, பொண்டாட்டி ஓடினதைப் பார்க்கலையேன்னு ஆயுசு முழுக்கப் புலம்புவார். ரெண்டுல எது நடந்தாலும் உட்கார வெச்சுத் தேத்தப்போறது நான்தான்."

"அப்ப அவர் பார்க்க வேண்டாமா?"

அம்மா பாத்திரம் துலக்குவதை நிறுத்தினாள்.

"பார்க்கணும்டி. யார் பார்க்கலைன்னாலும் அவர் பார்க்கணும். ஆனா நான் கூப்பிட்டு வரக் கூடாது. அவரா வரணும்."

"அவர் எப்படிம்மா தானா வருவார்?"

"அதை நான் பார்த்துக்கறேன். நீ வாயை மட்டும் பார்த்துக்கோ."

அம்மா ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே. சும்மா சொல்லவில்லை, எங்கள் பக்கத்தில் அவளுக்குப் பேரே ஆம்புலன்ஸ் அக்காதான். ஒரு தடவை நடுவழியில் சைரன் செத்துப்போய்விட்டது. உள்ளே மூச்சுத் திணறுகிற ஒரு ஆள். அம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஆஸ்பத்திரி வரைக்கும் அவளே சைரனாகக் கத்திக்கொண்டு ஓட்டினாள். அந்த ஆள் பிழைத்துக்கொண்டார். அம்மாவுக்கு ஒரு வாரம் குரலே இல்லை. அந்த ஒரு வாரம் வீட்டில் தான் சொன்னதுதான் சட்டமாக இருந்தது என்று அப்பா இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இத்தனை வருஷம் ஓட்டியதில் அம்மாவின் வலது கால் மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பிவிட்டது. நடக்கும்போது இடது கால் நேராகப் போகும். வலது கால் பக்கத்து வீட்டை விசாரிக்கிற மாதிரி போகும். அப்பா அதற்கு 'ஆக்சிலரேட்டர் கால்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

அந்தக் கால் இல்லாவிட்டால் எங்கள் கடையே மூடாது. ஊர் ஷட்டரையெல்லாம் ஓடவிட்ட மனிதரின் சொந்த ஷட்டர் ஓடாது. அப்பா கொக்கிக் கம்பியால் இழுப்பார். தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது சிக்கி நின்றுவிடும். மேலேயும் போகாது, கீழேயும் வராது. அம்மா வெளியே நின்று வலது ஓரத்தில் ஒரே ஒரு உதை விடுவாள். இறங்கும். காலையில் திறக்கும்போதும் அதே இடம், அதே சாண், அதே உதை. நானும் உதைத்துப் பார்த்திருக்கிறேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

"எண்ணெய் போட்டாச் சரியாயிடும்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்றீங்க?" என்பாள் அம்மா.

"நாளைக்குப் போடறேன்."

இந்த நாளைக்கு எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வரவே இல்லை. அம்மா சொல்லி அப்பா ஒரு வேலை செய்தார் என்று சரித்திரம் கிடையாது. சொல்லாவிட்டால் ஒருவேளை செய்வார். சொன்னால் நிச்சயம் செய்ய மாட்டார். குடையை எடுத்துக்கிட்டுப் போங்க என்றால் நனைந்துகொண்டு வருவார்.

தெருவில் சுடரைப் பற்றி ஆளுக்கு ஒரு மனசு. சில பேருக்கு ஆளுக்கு இரண்டு.

ஏனென்றால் சுடர் வருகிறது என்றதும் தெருவுக்கு மரியாதை வந்துவிட்டது. பள்ளங்களை மூடினார்கள். ஆனால் சுடர் ஓடுகிற பக்கம் மட்டும். இந்தப் பக்கம் சுடர் ஓடலாம், அந்தப் பக்கம் நாம் விழலாம். விளக்குக் கம்பங்களுக்கு வர்ணம் அடித்தார்கள். ஆள் உயரத்துக்கு மட்டும். அதற்கு மேல் சுடர் அண்ணாந்து பார்க்காது போல.

"பாப்பா," என்றார் பேக்கரி முதலாளி, "சுடர் வந்தா கூட்டம் வரும். கூட்டம் வந்தா பசிக்கும். ஆனா உங்கப்பா முகத்தை நினைச்சா எனக்கே பசிக்க மாட்டேங்குது. நான் ஷட்டரைப் பாதி இறக்கிக்கட்டுமா?"

"பாதின்னா ஆதரவா, எதிர்ப்பா?"

"பாதின்னா பேக்கரி."

டைலர் அண்ணன் கடையில் ஒரே மிஷினில் இரண்டு வேலை ஓடியது. அப்பா சொன்ன கறுப்புத் துணிப் பட்டைகள் ஒரு பக்கம், விழாக்காரர்கள் கேட்ட கலர் கொடிகள் ஒரு பக்கம்.

"வெட்கமா இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"ஏம்மா வெட்கம்? இடது கை எதிர்ப்பு, வலது கை ஆதரவு. கால் பாவம், யாருக்குன்னு கேக்காம மிதிக்குது."

மருந்துக்கடை அக்கா மட்டும்தான் உண்மையாகவே கோபமாக இருந்தார். கோபத்தை அம்மாவிடமே சொன்னார்.

"உன் வண்டி உயிருக்குப் போராடுற ஒரு ஆளை வெச்சுக்கிட்டு இதே தெருவுல எத்தனை தடவை நின்னிருக்கு? அப்பல்லாம் ஒரு ஸ்கூட்டரைக்கூட எவனும் நகர்த்தலை. இப்ப ஒரு நெருப்புக்காகத் தெருவையே துடைச்சு வைக்கிறான். எரியுதுல்ல?"

"எரியுதுக்கா," என்றாள் அம்மா. "அதனாலதான் ஒத்துக்கிட்டேன். ஒரு தடவையாவது சைரன் போடாம எனக்கு இந்தத் தெரு வழி விடட்டும்."

அக்கா அம்மாவின் வலது முழங்காலுக்கு ஒரு தைலம் எடுத்துக் கொடுத்தார்.

கவனித்தீர்களா, அக்காவுக்குச் சேதி தெரிந்திருக்கிறது. அக்காவுக்கு மட்டுமா? கேக் வாங்கும்போது முதலாளி காது கல்லாவிலேயே இருந்தது. முதலாளிக்குத் தெரிந்தால் டைலருக்குத் தெரியும். டைலருக்குத் தெரிந்தால் அளவு கொடுக்க வருகிற எல்லோருக்கும் தெரியும். இரண்டே நாளில் அப்பாவைத் தவிர தெருவுக்கே தெரிந்துவிட்டது. சத்தியமாக நான் ஒருத்தரிடம்கூடச் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போய்விட்டது. அப்பா பேப்பரைப் பார்த்தும் தெரிந்துகொள்ள வழியில்லை. சுடர் படம் வந்த பக்கத்தில் செருப்பை வைத்துவிடுவார்.

அப்பா போராட்டத்துக்குத் தயாரானார். ஷட்டரெல்லாம் ஒரே சமயத்தில் இறங்க வேண்டும் அல்லவா? தெருவில் ஒவ்வொரு கடையாகப் போய், இலவசமாக, ஸ்பிரிங் பார்த்து, ஓரச் சட்டத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டார். அம்மா தினமும் மறக்காமல் சொன்னாள்.

"ஏங்க, அப்படியே நம்ம ஷட்டருக்கும்."

"நாளைக்கு."

அடுத்த நாள் ஒரு புது எண்ணெய் கேனே வாங்கிவந்து கடை ஸ்டூல் மேல் வைத்தாள்.

"ஏங்க, எண்ணெய் கண்ணு முன்னாடியே இருக்கு. ஒரு நிமிஷ வேலை."

"எனக்கு வேலை கத்துக்குடுக்கறியா?" என்று அப்பா அந்தக் கேனை எடுத்துக்கொண்டு போய் பேக்கரி ஷட்டருக்குப் போட்டுவிட்டு வந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கேனை எடுத்து நானே போடப் போனேன். மாடி வீட்டுப் படிக்கட்டிலிருந்து அம்மா பாய்ந்து வந்தாள்.

"வை கீழே! ஒரு சொட்டு விழுந்துச்சு, கையை ஒடிச்சிடுவேன்."

"நீதானேம்மா போடணும்னு தொண்டை கிழியக் கத்துறே?"

"நான் அவரைத்தான் சொன்னேன். உன்னைச் சொன்னேனா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வயசானால் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும்போல என்று விட்டுவிட்டேன்.

அம்மா பயிற்சியும் எடுத்தாள். வீட்டுக்குள்ளேயே. சுடர் கனமாக இருக்கும், கை இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். கொசு அடிக்கிற பேட்டை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் ஓடினாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன அது?"

"கொசுங்க."

"அடிக்கவே மாட்டேங்கறியே?"

"உயரத்துல பறக்குது."

"இவ்வளவு நேரமா ஒரே உயரத்துலயா?"

"படிச்ச கொசு போல."

அப்பா என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் படிப்பை விட்டது நான்தான் என்பதால் அந்தப் பேச்சு அங்கேயே திசை மாறி, என் தலையில் இடித்து முடிந்தது. அம்மாவின் வெள்ளைக் கான்வாஸ் ஷூ பழைய மிக்ஸி பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அப்பா திறக்கவே திறக்காத பெட்டி அது. மிக்ஸியை ரிப்பேர் பண்ணிக் கொடுங்க என்று எப்போதோ சொல்லியிருந்தாள்.

அந்த நாள் வந்தது.

விடிந்ததும் அம்மா கிளம்பிவிட்டாள். போகும்போது வழக்கமான உதை. ஷட்டர் ஏறியது.

"டூட்டியா?" என்றார் அப்பா.

"ஆமாங்க. சுடர் ஓட்டத்துக்குத்தான் போட்டிருக்காங்க."

"அந்தத் தீப்பந்தத்துக்குப் பின்னாடி ஆம்புலன்ஸ் ஓட்டணுமா? என் பொண்டாட்டிக்கு வந்த கதியைப் பாரு!"

"பின்னாடி இல்லீங்க," என்றாள் அம்மா. பொய் சொல்லவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள். தெருவில் இறங்கியவள் திரும்பினாள். "ஷட்டருக்கு எண்ணெய். இன்னிக்காவது."

"இன்னிக்கா? இன்னிக்கு எனக்கு எவ்வளவு வேலை இருக்கு தெரியுமா? போராட்டம்!"

அம்மா சிரித்த மாதிரி இருந்தது. வெயில் கண்ணில் பட்டதால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அப்பா கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு கடைக்குள் நின்றார். குடும்பத்தோடு எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும் என்று என்னையும் உள்ளே நிறுத்தினார். தூரத்தில் பேண்டு வாத்தியம் கேட்டது. போலீஸ் மோட்டார் சைக்கிள் ஒன்று தெருவைக் கடந்தது. அப்பா விசிலை ஊதினார்.

தெரு முழுக்க ஷட்டர்கள் இறங்கின. டமார் என்ற சத்தம் வருமென்று அப்பா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வரவில்லை. அவர் போட்ட எண்ணெய் அப்படி. பூனை மாடி இறங்குவது போல அத்தனை ஷட்டரும் ஓசையில்லாமல் இறங்கி உட்கார்ந்துவிட்டன. எதிர்ப்பு தெரிவித்ததே யாருக்கும் தெரியவில்லை.

சத்தம் போட்டது ஒன்றே ஒன்று. எங்களுடையது. அப்பா உள்ளேயிருந்து இழுத்தார். கிரீ... ச். தரைக்கு ஒரு சாண். நின்றுவிட்டது.

"உதை!" என்றார் அப்பா, பழக்கத்தில்.

யாரும் உதைக்கவில்லை.

"எங்கே உங்கம்மா?"

"டூட்டி."

அப்பா தொங்கிப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கடைக்கு வேறு வாசல் கிடையாது.

"பரவாயில்லை," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "ஒரு சாண்தானே. நிமிர்ந்து நின்னா ஒண்ணும் தெரியாது. நான் சத்தியத்தைக் காப்பாத்துவேன்."

பின்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நான் வசதியாகத் தரையில் படுத்துக்கொண்டேன். எனக்கு எந்தச் சத்தியமும் இல்லை.

பேண்டு நெருங்கியது. அப்பாவின் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது.

"கூட்டம் இருக்கா?"

"காலுங்க நிறைய இருக்கு."

"கை தட்டுறானுங்களா?"

"காலை வெச்சு எப்படிப்பா சொல்றது?"

"ஒரு ஸ்க்ரூ விழுந்துடுச்சு," என்றார் அப்பா. எந்த ஸ்க்ரூவும் விழவில்லை. மண்டியிட்டுத் தேடினார். தேடித் தேடி ஷட்டர் பக்கமாகவே வந்தார். கடைசியில் என் பக்கத்தில் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டார்.

"ஸ்க்ரூவுக்காக," என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

இரண்டு பேரும் ஒரு சாண் உலகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். முதலில் கறுப்பு பூட்ஸ்கள் போயின. பேண்டுக்காரர்களின் தேய்ந்த செருப்புகள் போயின. ஒரே நிறத்தில் ஓட்டக்காரர்களின் ஷூக்கள் தப் தப்பென்று போயின. அப்புறம் கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில், தனியாக, இரண்டு வெள்ளைக் கான்வாஸ் ஷூக்கள் வந்தன.

இடது கால் நேராக வந்தது. வலது கால் பக்கத்து வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தது.

அப்பா தலையைத் தூக்கினார். ஷட்டரில் ணங்கென்று இடித்தது. வலித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"பாப்பா. அந்தக் கால்."

"எந்தக் கால்ப்பா?"

"அது... அது ஆக்சிலரேட்டர் கால்டி! உங்கம்மாடி அது!"

"ஆமாப்பா," என்றேன். அப்பாடா! இத்தனை நாள் அடக்கி வைத்ததைச் சொன்னதில் எனக்கு வயிறே லேசாகிவிட்டது.

"அவ ஏன் அங்கே ஓடுறா?"

"சுடர் அவ கையிலதாம்ப்பா இருக்கு."

அப்பா ஒரு சாணுக்குள் தலையை விட்டார். தலை போனது. தோள் போனது. நெஞ்சு, மூச்சை இழுத்துப் பிடித்ததில், போனது. வயிறு போகவில்லை. நான் ஒல்லி. பல்லி மாதிரி அவருக்குப் பக்கத்தில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் எதிர்ப்புப் போராட்டத்தின் தலைவர், இடுப்பு வரைக்கும் தெருவிலும் இடுப்புக்குக் கீழே கடையிலுமாக, ஷட்டருக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடக்கிறார்.

மாட்டிக்கொண்டும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏய்! அது என் பொண்டாட்டி! எல்லாரும் பாருங்கடா! என் பொண்டாட்டி! ஷட்டர் டாக்டர் பொண்டாட்டி!"

அந்தச் சத்தத்துக்கு எதிர்க்கடை ஷட்டர் ஏறியது. சத்தமே இல்லாமல். அப்புறம் பேக்கரி. அப்புறம் தெரு முழுக்க, அப்பா போட்ட எண்ணெயின் புண்ணியத்தில், எல்லாம் ஒரே மூச்சில் ஏறின. டைலர் அண்ணன் இரண்டு கையிலும் கலர் கொடியோடு நின்றார். முதலாளி பன் தட்டோடு நின்றார். எதற்கும் மூடாத மருந்துக்கடையின் வாசலில் அக்கா ஏற்கெனவே அழுதுகொண்டு நின்றார்.

"மூடறோம்னு ஒத்துக்கிட்டீங்களேடா!" என்று கத்தினார் அப்பா தரையிலிருந்து.

"மூடினோமே," என்றார் முதலாளி. "எவ்வளவு நேரம்னு நீங்க சொல்லலையே."

அம்மா அந்த இடத்துக்கு வந்துவிட்டாள். வெள்ளை உடுப்பு, உயர்ந்த கை, அதன் மேல் காற்றில் படபடக்கிற அந்த நெருப்பு. இரண்டு பக்கமும் ஜனம் விலகி நின்றது. ஒரு ஸ்கூட்டர்கூடக் குறுக்கே இல்லை. அவள் ஒரு ஹாரன் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் தெரு அவளுக்கு வழிவிட்டது.

அம்மா நிற்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நிற்கவில்லை. எங்கள் கடைக்கு நேராக வரும்போது மட்டும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாள். கீழே பார்த்தாள். சுடரை இன்னும் ஒரு சாண் உயர்த்தினாள்.

அப்பாவால் நிமிர்ந்து கைதட்ட முடியவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் தெருவையே தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். கறுப்புப் பட்டை கட்டிய கையாலும்.

அம்மா தெருக்கோடியில் அடுத்த ஆளின் கையிலிருந்த சுடர்க் கம்பத்தில் நெருப்பை ஏற்றிவிட்டு, தன்னுடையது அணைந்ததும், நடந்தே திரும்பி வந்தாள். அதுவரை நாலு பேர் அப்பாவை இழுத்தும் பார்த்தார்கள், தள்ளியும் பார்த்தார்கள். அவர் நகரவில்லை. யார் யாரோ போட்டோ எடுத்தார்கள். அதற்கும் அவர் சிரித்தார்.

"தள்ளி நில்லுங்க," என்றாள் அம்மா.

கூட்டம் தள்ளி நின்றது. அம்மா வலது காலைத் தூக்கினாள். ஒரே உதை. ஷட்டர் சர்ரென்று ஏறியது.

அப்பா எழுந்து சட்டையைத் தட்டினார். சுடர்க் கம்பத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"எண்ணெய் போடச் சொன்னேன்ல?" என்றாள் அம்மா.

"சொன்னே. தினமும் சொன்னே..." அப்பா பாதியில் நிறுத்தினார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக, எங்கள் ஷட்டர் மாதிரியே சிக்கிச் சிக்கி, ஏறியது. "நான் போடக் கூடாதுன்னுதான் தினமும் சொன்னியா?"

"நான் போடுங்கன்னுதாங்க சொன்னேன். தெருவே சாட்சி."

தெரு தலையாட்டியது.

போர்டை மறுபடியும் மாட்டிவிட்டார்கள். ஆனால் புதிதாக வருகிறவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. பேக்கரிக்கு வந்து என்னிடம், "அந்த ஷட்டர்ல சிக்கினவர் கடை எது?" என்று கேட்கிறார்கள். நான் காட்டுகிறேன். வேலை நிறைய வருகிறது. சுடர்க் கம்பத்தை அம்மாவுக்கே கொடுத்துவிட்டார்கள். போர்டு சாய்ந்திருந்த இடத்தில் இப்போது அது நிற்கிறது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுகிறார். வருகிறவர்களிடமெல்லாம், அம்மா ஓடியதைத் தெருவிலேயே மிகப் பக்கத்திலிருந்து பார்த்தது தான்தான் என்கிறார். அது உண்மைதான்.

நேற்று சாயங்காலம் கடையில் அப்பா எண்ணெய் கேனை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"இப்பவாவது போடலாம்லப்பா?" என்றேன்.

"போட்டா அவ சொன்னதைக் கேட்ட மாதிரி ஆயிடும்."

"போடலைன்னா அவ நினைச்சதைச் செஞ்ச மாதிரி ஆயிடும்."

அப்பா யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். கேனை இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். அந்த உதையின் சத்தம் கேட்காவிட்டால் கடை மூடிய மாதிரியே இருக்காது என்று வாய்க்குள் முனகினார். நான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மேலேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏங்க, எண்ணெய் போட்டாச்சா?"

"போட்டுக்கிட்டே இருக்கேன்!" என்றார் அப்பா.

கேன் மூடியைக்கூடத் திறக்கவில்லை.